ராஜாராம் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோன மூன்று கார்டுகள்

கிராபிக்ஸ் கார்டை வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர், நான் கண்டவரையில், ராஜாராம் அண்ணன் ஒருவர்தான்.

“தம்பி, இதைக் கொஞ்சம் வெளிச்சத்துல பார்க்கலாமா?”

“இங்கேயே லைட்டு போடுறேண்ணே.”

“ட்யூப்லைட்ல எல்லாமே ஒரே நிறமாத்தான் தெரியும். வாங்க, வாசலுக்குப் போவோம்.”

நான் பதில் தேடுவதற்குள் கார்டை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கிவிட்டார். காளவாசல் சந்திப்பில் தேனி பஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அதன் புழுதி கடைவாசல் வரை வந்தது. அவர் புழுதிக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தப் பச்சைப் பலகையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மெல்லிய செம்புக் கோடுகள் வெயிலில் ஒரு கணம் எரிந்து அணைந்தன.

“நல்ல நெருக்கமா ஓட்டியிருக்கான்” என்றார். “இதுல முந்தி எந்தப் பக்கம்?”

உள்ளே கடைக்காரர் மரியராஜ் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். “டேய் காமா, அவரை உள்ள கூட்டிட்டு வாடா. தூசி அப்பிரப் போகுது!”

காமன் என்பது என் பெயரில் பாதி. நல்லகாமன் என்று முழுதாகக் கூப்பிட மரியராஜ் அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு அது. எம்.சி.ஏ. முடித்துவிட்டு, நாகமலை புதுக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, அவர் கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொண்டிருந்தேன். பேச்சுக் குறைவான எனக்கு ஒத்துவந்த வேலை. ஸ்க்ரூக்களிடம் யாரும் நலம் விசாரிக்க வேண்டியதில்லை.

ராஜாராம் அண்ணன் விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். மீசை முளைத்த புதிதில் சேர்ந்தவர், இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். நெற்றியில் ஒற்றைக் கோடாகச் சிவப்பு. சட்டையில் எப்போதும் புதுத்துணி வாசம். சௌராஷ்டிரக் குடும்பம், மகால் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடி வீடு. உட்கார்ந்தே வேலை பார்த்தவர் என்பதால் எங்கள் கடை ஸ்டூலில்கூட அவருக்குச் சம்மணம் போட்டுத்தான் உட்கார வந்தது. பேசும்போது கைகள் சும்மா இருக்காது. மேசையில் கிடந்த பாலித்தீன் கவர், பில் தாள், என் கைக்குட்டை எது அகப்பட்டாலும் நீளவாக்கில் மடித்து, நீவி, அடுக்கி வைத்துவிடுவார்.

மற்ற சாமான்கள் எல்லாம் அவர் வந்த முதல் நாளே முடிவாகிவிட்டன. தீபாவளி போனஸுக்குள் அடங்க வேண்டும் என்றார், அடக்கினேன். அடங்காமல் நின்றது கிராபிக்ஸ் கார்டு மட்டும்தான். திரையில் படம் வரைவதற்கென்றே இருக்கிற பலகை அது. அது இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் அவர் கேட்ட கார் ரேஸ் ஓடாது.

“யாருக்குண்ணே, பையனுக்கா?”

பில் தாளை நீளவாக்கில் மடித்தார். “எங்க வீட்டுல அவங்களுக்கு” என்றார்.

மரியராஜ் அண்ணன் கால்குலேட்டரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

கதை இரண்டு மூன்று தடவையாகத் துண்டு துண்டாகத்தான் வந்தது. அவருக்கும் அவர் மனைவி ரங்கநாயகி அம்மாவுக்கும் பிள்ளைகள் இல்லை. அவருடைய அக்கா மகன் உமேஷ் இவர்கள் வீட்டில் தங்கி இன்ஜினீயரிங் படித்தான். படிப்பு முடிந்து பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபோது தன் கம்ப்யூட்டரையும் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். போன மாதம் போனில் பேசும்போது கேட்டிருக்கிறான்: “மாமா, அத்தை இப்ப மத்தியானத்துல கார் ஓட்டாம என்ன பண்றாங்க?”

“எந்தக் காருடா?” என்று கேட்டிருக்கிறார் இவர்.

அப்போதுதான் தெரிந்தது. இவர் கடையில் சேலை விரித்துக்கொண்டிருந்த மத்தியானங்களில், அந்த அம்மா சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துவிட்டு, மெஷினை மூடி வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் கார் ஓட்டியிருக்கிறார். உமேஷ் கல்லூரியில் சேர்ந்த வருஷமே ஆரம்பித்துவிட்டதாம். வெளியில் ஒரு சைக்கிள்கூட ஓட்டியதில்லை.

“சொல்லலையே தம்பி. ஒரு வார்த்தை சொல்லலையே. அவன் கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போனப்பகூட, பார்த்துக் கொண்டுபோடான்னு பழைய பெட்ஷீட்டைச் சுத்திக் கொடுத்தா. அம்புட்டுத்தான்.”

அவருடைய வருத்தம் அதற்கும் பின்னாலிருந்து வந்தது. அதைச் சொல்ல அவருடைய வியாபாரத்தைச் சொல்ல வேண்டும். அவர் கடையில் அவரிடம் உட்கார்ந்த பெண்கள் வெறுங்கையோடு எழுந்து போவது அபூர்வம். எப்படி என்று ஒருநாள் நானே கேட்டேன், வாய்விட்டு நான் கேட்ட முதல் கேள்வி.

“முதல்ல எடுத்துப் போடுற சேலை விக்கிறதுக்கு இல்ல தம்பி. வேணாம்னு சொல்றதுக்கு. ஒண்ணை வேணாம்னு தள்ளினாத்தான் அவங்களுக்கே தெரியும், மனசுல எதை வச்சுக்கிட்டு வந்தோம்னு. அப்புறம் நான் சேலையவே பார்க்க மாட்டேன். அவங்க கண்ணைத்தான் பார்ப்பேன். கண்ணு எதுல போய் நிக்குதோ அதை மட்டும் மடிக்காம ஓரமா விட்ருவேன்.”

இப்படிப்பட்டவர் சொந்த வீட்டில் தோற்றுப்போயிருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் கடைக்கு வரும் புதுச்சரக்கில் தலையான ஒன்றைப் பார்த்துப் பார்த்து எடுத்து, மற்றவர் கண்ணில் படாமல் ஒதுக்கி, வீட்டுக்குக் கொண்டுபோவாராம். ரங்கநாயகி அம்மா பிரித்துப் பார்ப்பார். “நல்லாருக்கு” என்பார். தீபாவளியன்று கட்டுவார். பிறகு அது பீரோவுக்குள் போய்விடும். அப்புறம் வெளியே வராது.

“நல்லாருக்குன்னு சொல்றதுல ரெண்டு விதம் இருக்கு. கடையில யாராச்சும் அந்த ரெண்டாவது விதத்துல சொன்னா, நான் சேலையை மடிச்சு உள்ள வச்சுட்டு அடுத்ததுக்குப் போயிருவேன். வீட்டுல என்ன செய்ய? கல்யாணம் ஆனதுலேருந்து அந்த ரெண்டாவது விதம்தான் கேக்குறேன்.” என் கைக்குட்டையை நான்காக மடித்து என் முன்னால் வைத்தார். “அவளுக்கு என்ன புடிக்கும்னு இப்பத்தான், முதமுதல்ல, உமேஷ் சொல்லித் தெரிஞ்சிருக்கு. இதுலயும் நான் தப்பா எடுத்துட்டுப் போனேன்னா அவ்வளவுதான் தம்பி. இதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் யாரும் கார்டை அப்படி வாங்குவதில்லை. பெட்டியில் போட்டிருக்கிற எண்ணைப் பார்ப்பார்கள், பெரிய எண் எதுவோ அது வேண்டும் என்பார்கள். அவர் கைக்கு எட்டும் விலையில் மூன்று இருந்தன. ஒன்று அறுபத்துநான்கு எம்.பி., விசிறிகூட இல்லாமல், சூடு தணிக்க முதுகில் ஓர் அலுமினியச் சீப்பு மட்டும் ஒட்டிய எளிய கார்டு. அடுத்தது நூற்றிருபத்தெட்டு, சின்ன விசிறியோடு. மூன்றாவது இருநூற்றைம்பத்தாறு, அதற்கும் விசிறி, பெரிய பெட்டி, பெட்டிமேல் கவசம் அணிந்து வாள் ஓங்கிய ஒரு வெள்ளைக்காரி.

“இந்தம்மா உள்ள இருக்காங்களா?” என்று கேட்டார்.

“படம் மட்டும்தாண்ணே.”

“எங்க கடையிலயும் அட்டையில ஒரு புள்ளைய நிறுத்தி வச்சிருப்போம். அந்தச் சேலைய அது கட்டினா நல்லாருக்கும், அம்புட்டுத்தான்.” பெட்டியைத் தள்ளி வைத்தார். “நீங்க எதைச் சொல்றீங்க?”

நடுவில் இருந்ததைச் சொன்னேன். பெரியதில் இடம் அதிகம், வேகம் குறைவு, எண்ணைக் காட்டி விற்பதற்காகச் செய்தது என்று விளக்கினேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. “ஜரிகைய அள்ளிப் போட்டு, பட்டுல கைவச்சிருக்கான். தெரியும் தெரியும்.”

ஆனாலும் முடிவு செய்யவில்லை. மறுநாள் வந்தார், வெயிலில் பார்த்தார், போனார். அதற்கடுத்தும் வந்தார். காத்திருந்த நேரத்தில் என் மேசையில் கிடந்த சிறுபத்திரிகையைப் புரட்டினார். நான் வாங்கிவைக்கிற புதுக்கவிதைப் பத்திரிகை.

“இது என்ன தம்பி, பாதியிலேயே வரி நிக்குது?”

“கவிதைண்ணே.”

இரண்டு பக்கம் பார்த்தார். “கரையே போடாம விட்டுட்டாங்க” என்று சொல்லி, மரியாதையாக மடித்து வைத்தார். அடுத்து வந்தபோது இன்னொரு தடவை எடுத்துப் பார்த்ததையும் நான் கவனித்தேன்.

மரியராஜ் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. “அண்ணே, இன்னைக்கு ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லிருங்கண்ணே. தீபாவளி வந்துரும், கார்டு வராது.”

அப்போதுதான் ராஜாராம் அண்ணன் கேட்டார்: “மூணையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிட்டு, வேணாங்கிறதைத் திருப்பிக் கொண்டாந்துர்றேனே?”

மரியராஜ் அண்ணன் கால்குலேட்டரைக் கீழே வைத்தார்.

“அண்ணே, இது சேலை இல்லண்ணே!”

“சேலைக்கு என்ன கொறச்ச? பட்டுல ஒரு சொட்டு எண்ணெய் பட்டா முடிஞ்சு போச்சு. இருந்தும் பண்டல் கட்டிக் கல்யாண வீட்டுக்கு அனுப்புறோமா இல்லையா? புடிச்சதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தர்றாங்களா இல்லையா?”

“ஒருதடவை சொருகிட்டா கம்பெனிக்காரன் திருப்பி எடுக்க மாட்டாண்ணே. எனக்கு மேல இருக்கிறவன் கழுத்தைப் புடிப்பான்.”

“பண்டலோட கடையாள் ஒருத்தர் போவாரு. பிரிக்கிறதும் மடிக்கிறதும் அவர் கையாலதான். வீட்டுக்காரங்க தொட மாட்டாங்க.” ராஜாராம் அண்ணன் என் பக்கம் திரும்பினார். “தம்பி வரட்டும்.”

“அண்ணே, அதெல்லாம் வழக்கமே கிடையாது.”

ராஜாராம் அண்ணன் ஸ்டூலிலிருந்து காலை இறக்கினார். கோபமே இல்லாமல், வானிலை கேட்பதுபோலக் கேட்டார்: “சூசையம்மாள் எப்படி இருக்காங்க? கால் நல்லா ஊணி நடக்கிறாங்களா?”

மரியராஜ் அண்ணனின் முகம் மாறியது. அவருடைய மூத்த மகளின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வேண்டிய வாரத்தில் அவர் மனைவி சூசையம்மாள் அக்கா காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்திருக்கிறார். ராஜாராம் அண்ணன் தன் மொபெட்டில் பண்டலைக் கட்டிக்கொண்டு வந்து, கட்டில் முழுக்கச் சேலைகளை விரித்து, ஒரு பகல் முழுக்கப் பொறுமையாக மடித்து மடித்துக் காட்டியிருக்கிறார். கல்யாணப் போட்டோக்களில் எல்லோரும் விசாரித்தது அந்தச் சேலையைத்தான் என்று அக்கா என்னிடமே பலமுறை சொன்னதுண்டு.

“விவரமான ஆளுண்ணே நீங்க” என்றார் மரியராஜ் அண்ணன். “டேய் காமா, மூணையும் கட்டுடா. ஒரு கீறல் விழுந்துச்சு, உன்னை வித்துருவேன்.”

கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார் ராஜாராம் அண்ணன். மூன்று கார்டுக்கும் வேண்டிய சாஃப்ட்வேரை முன்பே ஏற்றி வைத்த கம்ப்யூட்டரோடும், உமேஷ் வீட்டில் விட்டுப்போயிருந்த கேம் சி.டி.யோடும் ஆட்டோவில் போனோம். வழியில் எனக்குப் பாடம் நடந்தது.

“முதல்ல வேணாம்னு சொல்ல வேண்டியதைப் போடுங்க தம்பி. அந்த விசிறி இல்லாத கார்டு. அப்புறம் அந்த வாள்காரி. கடைசியா நம்ம கார்டு. நடுவுல பேசாதீங்க.”

“நான் எங்கண்ணே பேசப்போறேன்” என்றேன். சிரித்துவிட்டார்.

மாடிப்படி குறுகலானது. மானிட்டரை நான் தூக்கிக்கொண்டு ஏறும்போது மேலே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. காலடிச் சத்தத்தில் நின்றது. வாசலுக்கு வந்த ரங்கநாயகி அம்மா என் கையிலிருந்ததைப் பார்த்தார். ஒல்லியான உருவம், கழுத்தில் தொங்கும் அளவு நாடா, உதட்டில் பிடித்திருந்த ஊசி. ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டார்:

“உமேஷ் வந்திருக்கானா?”

“உனக்குத்தான்” என்றார் அண்ணன்.

அதற்குப் பிறகு அவர்களுக்குள் சௌராஷ்டிரத்தில் கொஞ்சம் பேச்சு நடந்தது. எனக்குப் புரியாத மொழி. ஆனால் ‘எதுக்கு இதெல்லாம்’ என்பதற்கு எல்லா மொழியிலும் ஒரே ராகம்தான் போலிருக்கிறது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒயர்களைச் சொருகினேன். உமேஷின் கம்ப்யூட்டர் இருந்த மேசை காலியாகத்தான் கிடந்தது. தையல் சாமான்களை அதன்மேல் பரப்பாமல், தரையில் கூடையில் வைத்திருந்தார்கள்.

எனக்குக் காபி வந்தது. முதல் கார்டைப் போட்டேன். ரேஸ் ஆரம்பிக்கும் இடத்தில் கார்கள் கூட்டமாக உறுமிக்கொண்டு நின்றன, பச்சை விளக்கு விழுந்ததும் பாய்ந்தன. நானும் வேகத்தைக் காட்டுவதற்காகக் கூட்டத்துக்குள் வண்டியை விட்டேன். படம் விக்கியது. நின்று நின்று குதித்தது.

“பார்த்தியா, விக்குது” என்றார் அண்ணன், திருப்தியோடு. “இது வேணாம். அடுத்ததைப் போடுங்க தம்பி.”

இரண்டாவது, வாள்காரி. கார்களின் மேல் மேகம் பிரதிபலித்தது, சாலையோரத்தில் நின்ற ஜனங்களின் நிழல்கூட விழுந்தது. அழகுதான். வளைவில் கார்கள் நெருக்கியபோது இதுவும் திணறியது. மூன்றாவது, நான் சொன்ன நடுக்கார்டு. வெண்ணெய்போல வழுக்கிக்கொண்டு போனது. எனக்கே பெருமையாக இருந்தது. ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.

ராஜாராம் அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. தொழில் பழக்கம், மனைவியின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் குழப்பம். ரங்கநாயகி அம்மாவும் திரையைப் பார்க்கவில்லை. கீழே, திறந்து கிடந்த கம்ப்யூட்டர் பெட்டியையே தலைசாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி?” என்றார் அண்ணன். “இதான் இருக்கிறதுலயே நல்லது. தம்பியே சொல்லுது.”

அந்த அம்மா யோசித்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “தம்பி, முதல்ல போட்டீங்கல்ல, அதை இன்னொரு தடவை போடுறீங்களா?”

சேலைக்கடைகளில் இதைக் கேட்காத பெண் உண்டா என்று தெரியவில்லை. ஆனால் ராஜாராம் அண்ணன் அதைத் தன் வாழ்நாளில் முதன்முறையாகக் கேட்டவர்போல விழித்தார்.

“அதா? அது விக்குதே ரங்கா!”

“போடட்டும். நான் ஓட்டிப் பார்க்கிறேன்.”

அதுவரை அவர் கையில் கீபோர்டைக் கொடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் இரண்டு சேல்ஸ்மேன்கள் மாறி மாறி விரித்துக் காட்டிக்கொண்டிருந்தோம்.

மறுபடி மாற்றினேன். அவர் முன்னால் வந்து உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகி, இரண்டு விரல்களை அம்புக்குறிகளின் மேல் வைத்தார். பச்சை விளக்கு விழுந்தது. எல்லாக் கார்களும் பாய்ந்தன. அவருடைய கார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

“அழுத்துங்கம்மா” என்றேன்.

“இருங்க. எல்லாரும் போகட்டும்.”

கார்கள் வளைவில் மறைந்தன, உறுமல் ஓய்ந்தது. அதற்கப்புறம் கிளப்பினார். மெதுவாக, இடதுபக்கமாகவே. காலியான சாலை முன்னால் விரிந்தது. கார்டு விக்கவில்லை. விக்குவதற்கு அங்கே வேறு வண்டியே இல்லை. வரைய வேண்டியதெல்லாம் சாலை, இரண்டு பக்கமும் மரம், கொஞ்சம் வானம். அது அந்த எளிய கார்டாலேயே முடிந்தது. நான் படித்த படிப்பில் ரேஸ் கேமை ஒருவர் இப்படி ஓட்டக்கூடும் என்று எங்கேயும் வரவில்லை.

“நீ ஜெயிக்க வேணாமா?” என்றார் அண்ணன்.

“யாரை?”

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

“உமேஷும் இப்படித்தான் கத்துவான். கடைசி, கடைசின்னு. எனக்கு அந்த எடத்துக்குப் போகணும், அம்புட்டுத்தான். வருது பாருங்க.”

ஒரு மலைவளைவு திரும்பியதும் கடல் வந்தது. வலதுபக்கம் முழுக்க நீலம், தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். ரங்கநாயகி அம்மா வண்டியைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். திரையின் மூலையில் ‘கடைசி இடம்’ என்று சிவப்பில் மின்னிக்கொண்டிருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஸ்பீக்கரில் மெல்லிய அலைச் சத்தம் மட்டும் வந்தது. அப்போதுதான் கவனித்தேன், விசிறி இல்லாததால் கார்டு மூச்சுவிடவே இல்லை.

“இதுல சத்தம் இல்ல பாருங்க” என்றார் அவர். “மத்த ரெண்டும் கொய்யுனு கத்துது. நாள் முழுக்க மெஷின் சத்தத்துலதான் இருக்கேன். அங்கே போயும் அதே சத்தமா?”

செட்டிங்கைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் நன்றாக ஓடும் என்றேன். திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை. ஓரத்தில் நின்று கைதட்டும் கூட்டம், வேணாம். காரின் பளபளப்பு, வேணாம். நிழல், வேணாம். மரம்?

“மரம் இருக்கட்டும்.”

அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. என்னுடைய நடுக்கார்டைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். “இது பாரு, எம்புட்டு நெருக்கமா இருக்கு. இதையும் ஒருதடவை நீயே ஓட்டிப் பார்த்துட்டு…”

“கடையில பேசுற மாதிரி பேசாதீங்க.”

“இல்ல, எதுக்குச் சொல்றேன்னா, நல்லதா ஒண்ணு இருக்கிறப்ப…”

ரங்கநாயகி அம்மா நாற்காலியோடு திரும்பினார். என்னைச் சாட்சியாக வைத்துக்கொள்வதற்கோ என்னவோ, தங்கள் மொழிக்குப் போகாமல் தமிழிலேயே சொன்னார்.

“தம்பி, நீங்களே கேளுங்க. முகம் தெரியாத பொம்பளைங்களுக்கெல்லாம் இவரு நூறு சேலை எடுத்துப் போடுவாரு. ஊர் முழுக்கச் சொல்லுது, ராஜாராம் மாதிரி பொறுமை யாருக்கு வரும்னு. எனக்கு மட்டும் வருசத்துக்கு ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. கையில கொடுத்துட்டு என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிப்பாரு. நான் என்னத்தைச் சொல்ல?”

“நல்லாருக்குன்னு சொன்னியே” என்றார் அண்ணன், குரல் இறங்கி.

“நல்லாத்தான் இருந்துச்சு. ஒண்ணு மட்டும் இருந்தா நல்லாருக்குன்னுதானே சொல்ல முடியும்? வேணாம்னு சொல்ல நீங்க எங்க விட்டீங்க? இன்னைக்குத்தான் முதமுதலா மூணு கொண்டாந்திருக்கீங்க.”

ராஜாராம் அண்ணன் கையிலிருந்த கார்டைக் கீழே வைத்தார். கைக்கு மடிக்க ஏதும் அகப்படவில்லை. தையல் கூடையிலிருந்து ஒரு ஃபால்ஸ் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா அதற்குள் திரும்பிவிட்டிருந்தார். வண்டியை மெதுவாகச் சாலையில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“அப்ப இது?” என்று கேட்டார் அண்ணன்.

“நல்லாருக்கு” என்றார் ரங்கநாயகி அம்மா, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அது முதல் விதம். எனக்கே தெரிந்தது.

மீதி இரண்டு கார்டுகளையும் கவரில் போட்டு, கீறல் இல்லாமல் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். “போயும் போயும் இருக்கிறதுலயே சின்னதை வித்துட்டு வந்திருக்கியேடா மாப்ள” என்று மரியராஜ் அண்ணன் தீபாவளி வரை கேலி செய்தார். ராஜாராம் அண்ணனிடம் இருந்து ஒரு வாரம் தகவல் இல்லை.

பிறகு ஒரு மத்தியானம் போன் வந்தது. ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையாம். “அவளுக்கு வண்டிச் சத்தம் வேணாமாம், கடல் சத்தம் மட்டும் வேணுமாம். வந்து பாருங்க தம்பி.”

போனேன். ஸ்பீக்கர் ஒயர் கழன்றிருந்தது, வேறொன்றுமில்லை. மாட்டிவிட்டு நிமிர்ந்தால் அறையில் கால்வைக்க இடமில்லை. கட்டில்மேல், நாற்காலிமேல், மூடிக்கிடந்த தையல் மெஷின்மேல் எல்லாம் சேலை. பண்டல் கட்டிய துணி வாசலில் கிடந்தது. ராஜாராம் அண்ணன் தரையில் சம்மணமிட்டு, கடையில் உட்காருவதுபோலவே உட்கார்ந்திருந்தார். எதிரே ரங்கநாயகி அம்மா, முழங்காலில் மோவாயை ஊன்றிக்கொண்டு.

அண்ணன் ஒரு மாம்பழ மஞ்சளை உதறி விரித்தார். முந்தியைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். அவர் பார்த்தது சேலையை அல்ல.

“வேணாம்” என்றார் அந்த அம்மா.

இன்னொன்று. நாவல்பழ நிறம், ஒல்லிக் கரை.

“வேணாம்.”

“வாங்க தம்பி, உட்காருங்க, காபி வரும்” என்றார் அண்ணன் என்னிடம். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. இத்தனை சேலை மறுக்கப்பட்டு இவ்வளவு சந்தோஷமாக இருந்த சேல்ஸ்மேனை நான் பார்த்ததில்லை. பின்னால் திரையில் அவருடைய மனைவியின் கார், கலங்கரை விளக்கம் தெரிய, சாலையோரம் நின்றுகொண்டிருந்தது. கடல் சத்தம் இப்போது கேட்டது.

“எல்லாம் போட்டாச்சு” என்றார் அண்ணன், கடைசிச் சேலையை மடித்து.

ரங்கநாயகி அம்மா கட்டிலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். “முதல்ல போட்டீங்கல்ல,” என்றார், “அதை இன்னொரு தடவை போடுங்க.”

ராஜாராம் அண்ணன் கையை நீட்டினார். அதை அவர் மடிக்காமல் ஓரமாகத்தான் விட்டிருந்தார்.